நஞ்சுப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தனுப்பும் விதம்

நமது ஜில்லாவின் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தணிக்கைக்காகச் செல்லுங்கால், அங்கத்தினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "கிணற்று ஜலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினோம், குற்றமில்லையென்று அறிக்கை வந்தது. ஆயினும் அதைக் குடிப்பவர்களுக்கு உபாதை நின்றபாடில்லை. பரிசோதனைச் சாலையார் சரியாகப் பார்க்கவில்லையா?" என்பதே அது. சாலையிலுள்ள இரசாயன நிபுணர் நம் கிணற்றைக் கண்டவரல்லர்; அவருக்குத் தெரிந்ததெல்லாம் நாம் அனுப்பிய புட்டி ஒன்றுதான். புட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவர் சொல்ல முடியும். அது கிணற்றின் ஜலமாகவே அவர் கையிற் போய்ச் சேர்ந்ததா என்பது நம்முடைய பொறுப்பு. ஆகையால் மாதிரி எடுக்கும் விதத்தைப்பற்றிச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்வது சங்கத்தின் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் அவசியமாகும்.

இது உயிரைப்பற்றிய விஷயம் என்பதற்கு அண்டை இராஜ்யமாகிய கேரளத்தில் நடந்ததே சாட்சி. 1958-ம் வருஷம் அங்கே கோதுமை மாவினாற் செய்த பண்டங்களை உட்கொண்ட நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டுபோயினர். பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து உணவுச் சரக்குடன் ஒன்றாக ஏற்றி வரப்பட்டு, வழியிற் கசிந்து மாவிற் கலந்ததே காரணம் என்று பிறகு தெரியவந்தது. பூச்சிமருந்துகளின் விற்பனையையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்த 1968-ல் மத்திய ஸர்க்கார் சட்டம் இயற்றியதற்கு இச்சம்பவமே முக்கிய தூண்டுதலாக இருந்தது. நம் சங்கங்களிற் பல, உரமும் பூச்சிமருந்தும் விற்கின்றன. ரேஷன் அரிசியும் விநியோகிக்கின்றன. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் அடுக்குவது கூடாதென்று எத்தனை முறை எழுதினாலும், இடப் பற்றாக்குறையைச் சொல்லி அடுக்கியே வைக்கிறார்கள். மூட்டையின் ஒரு மூலையிற் கறை கண்டால் அன்றைக்கு மட்டும் எல்லோரும் பதறுகிறார்கள்.

அப்படிக் கறை கண்ட மூட்டை ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். காரியதரிசி மூட்டையை அவிழ்த்து, அரிசியை நன்றாகக் கலந்து, ஒரு படி அளந்து அனுப்புகிறார். இது தவறு. கறைபட்ட பாகத்திலிருந்த நஞ்சு, நல்ல அரிசியோடு கலந்து, காணமுடியாத அளவுக்குக் குறைந்துவிடலாம். சந்தேகத்துக்குரிய இடம் கண்ணுக்குத் தெரியும்போது அவ்விடத்து அரிசியைத் தனியாகவும், கறையில்லாத இடத்து அரிசியைத் தனியாகவும் இரண்டு மாதிரிகளாக எடுக்கவேண்டும். கறைபட்ட சாக்குத் துண்டையும் வெட்டித் தனிக் கண்ணாடிப் புட்டியில் வைத்தனுப்பலாம். இதற்கு மாறாக, இருப்பு முழுவதும் எத்தன்மையது என்று அறியவேண்டுமானால், எல்லா மூட்டைகளுக்கும் பிரதிநிதியாக நிற்கும் கலப்பு மாதிரி தேவை. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, பிறகு குத்தூசியைக் கையில் எடுக்கவேண்டும்.

பிரதிநிதி மாதிரி என்றால் என்ன என்பதற்கு நம் கடற்கரையைவிட நல்ல பாடம் வேறெங்கும் கிடையாது. 1909-ம் வருஷம் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், இப்பக்கத்திலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் தாது இருப்பதைக் கண்டார். கியாஸ் விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தபடியால் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் தோன்றிற்று. இன்று அங்கே மத்திய ஸர்க்காரின் அரிய மணல் ஆலை இருக்கிறது. தோரியம் கதிர்வீச்சுள்ள பொருளாதலால், அக்கரையோர மக்கள் தங்கள் வீட்டு முற்றத்து மணலையும் கிணற்று நீரையும் சோதித்துப் பார்க்க விரும்புவது இயல்பே.

இனி, அங்கே மாதிரி எடுப்பவன் செய்யும் பிழையைப் பாருங்கள். சாதாரண வெண்மணலைவிட மோனசைட் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது. அலை, இலேசான வெண்மணலை வாரிக்கொண்டு போய், கனத்த மணலைக் கரையிற் பட்டை பட்டையாக விட்டுச் செல்கிறது. கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு, கார்னெட், தேன்நிற மணிகளே மோனசைட். கறுத்த பட்டையில் ஒரு கை அள்ளினால் ஒரு கணக்கு வரும்; ஒரு முழம் தள்ளி வெண்மணலில் அள்ளினால் வேறு கணக்கு வரும்; அதே இடத்தில் ஓரடி ஆழத்தில் மூன்றாவது கணக்கு வரும். மூன்றும் உண்மைதான், ஆனால் எந்த ஒன்றும் அந்தக் கரை முழுவதையும்பற்றிய உண்மையாகாது. அன்றியும், பையிற் கட்டிய மணல் பஸ்ஸிற் குலுங்கிக்கொண்டே போகும்போது கனத்த மணிகள் அடியில் இறங்கிவிடும். சாலையில் மேலாக ஒரு கரண்டி எடுத்தால் குறைவான அளவும், அடியிலிருந்து எடுத்தால் மிகையான அளவும் காட்டும். ஆகவே இடத்தைச் சம தூரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஆழத்துக்குக் குழாயை இறக்கி எடுத்து, நிழலில் உலர்த்தி, ஒன்றாகக் கலந்து, கூறு போட்டுக் குறைக்கவேண்டும்.

கூறு போடும் விதம் நாஞ்சில் நாட்டாருக்குப் புதிதன்று. களத்திற் செய்கிற காரியமே. சுத்தமான விரிப்பின்மேல் பொருளைக் கூம்பாகக் குவித்து, உச்சியைத் தட்டித் தட்டையாக்கி, பலகையால் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி நான்கு கூறாக்க வேண்டும். எதிரெதிரான இரு கூறுகளை விலக்கி, மற்ற இரண்டையும் மறுபடி கலந்து குவித்து வெட்டவேண்டும். வேண்டிய எடை வரும்வரை இப்படியே செய்க. அவசரத்தில் ஓர் ஓரமாக அள்ளியெடுப்பது கூடாது. கதிர்வீச்சைப் பரிசோதிக்கும் சாலையில், ரேடியத்திலிருந்து உண்டாகும் ரேடான் வாயு வெளியேறாதபடி மாதிரியைக் காற்றுப்புகாத டப்பாவில் ஏறக்குறைய ஒரு மாதம் மூடி வைத்த பின்னரே அளவிடுவது வழக்கம். அறிக்கை தாமதமாகிறதென்று கோபிப்பவர்கள் இதைக் கவனிக்க.

மணலைப்பற்றிச் சொன்னதே தானியத்துக்கும் கொப்பரைக்கும் நிலக்கடலைக்கும் பொருந்தும். இன்னும் அதிகமாகவே பொருந்தும். ஈரம் படிந்த கொப்பரையிலும் கடலையிலும் சோளத்திலும் ஒருவகைப் பூஞ்சணம் பிடித்து, அப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1974-ம் வருஷக் கடைசியில் குஜராத்தின் பஞ்சமஹால் ஜில்லாவிலும் இராஜஸ்தானத்தின் பன்ஸ்வாரா ஜில்லாவிலும் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு ஈரல் கெட்டு 106 பேர் மாண்டனர். நம் தேசத்து விதிப்படி இந்நஞ்சு தானியத்தில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. அதாவது ஆயிரம் கிலோவில் 15 மில்லிகிராம். இந்த நஞ்சு மூட்டையில் எங்கும் பரவியிருப்பதில்லை. ஆயிரம் மணிகள் நன்றாயிருக்க, ஒரு மணி மட்டும் கெட்டிருக்கும். கெட்ட கடலைப் பருப்பு ஒன்றில் கிலோவுக்குப் பத்து இலட்சம் மைக்ரோகிராம் என்ற விகிதத்திற்கூட இந்நஞ்சு காணப்பட்டிருக்கிறது. அத்தகைய அரை கிராம் பருப்பு ஒன்று, முப்பது கிலோ நல்ல பருப்பை விதியின் எல்லைக்குக் கொண்டுபோய்விடும். ஒரு கைப்பிடி மாதிரியில் அந்தப் பருப்பு அகப்பட்டால் சரக்கு முழுவதும் நஞ்சென்று தோன்றும். அகப்படாவிட்டால் முழுவதும் நல்லதென்று தோன்றும். அங்கத்தினர்களின் ஒரு வருஷ உழைப்பு இப்படி ஒரு கைப்பிடியைப் பொறுத்து நிற்பது நியாயமன்று.

ஆதலால் பத்து மூட்டை வரையில் இருந்தால் ஒவ்வொரு மூட்டையிலும், பத்துக்குமேல் நூறு வரையில் இருந்தால் அங்கங்கே பொறுக்கிய பத்து மூட்டைகளிலும், நூற்றுக்கு மேற்பட்டால் தொகையின் வர்க்கமூலத்துக்குச் சமமான மூட்டைகளிலும் (400 மூட்டைக்கு 20) குத்தூசியைச் செலுத்தி எடுக்கவேண்டும். மூட்டையின் தலை, நடு, அடி மூன்றிலும் குத்தவேண்டும். கதவோரத்து மூட்டை எடுக்கச் சுலபம் என்பதற்காக அதையே குத்துவது எங்கும் காணும் வழக்கம். சுவரோரத்தில் மழைச்சாரல் பட்ட மூட்டையே முக்கியமாகப் பார்க்கத்தக்கது. சேர்ந்த மாதிரி முழுவதையும் அரைத்துக் கலந்த பின்புதான் அதிலிருந்து சிறு பாகம் எடுக்கவேண்டுமென்று சாலையாரையும் கேட்டுக்கொள்ளலாம். மாதிரியைப் பிளாஸ்டிக் உறையிற் கட்டினால் ஈரம் அடங்கி வழியிலேயே பூஞ்சணம் வளரும்; நன்கு உலர்ந்த தானியத்தைத் துணிப்பையிலோ கெட்டிக் காகிதப் பையிலோ அனுப்புவதே நலம்.

ஜலத்துக்கு வருவோம். ஒரே புட்டியில் எடுத்த நீரைக்கொண்டு எல்லாப் பரிசோதனையும் செய்ய இயலாது. எந்தப் பொருளைத் தேடுகிறோமோ அதற்கேற்ற பாத்திரம் வேண்டும். ஈயம், ஆர்சனிக், காட்மியம் முதலிய உலோகங்களுக்குச் சாலையார் அமிலத்தாற் கழுவித் தரும் பிளாஸ்டிக் புட்டியே தக்கது. அதில் நைட்ரிக் அமிலம் சில துளி சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டால் நீரிலுள்ள உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் சுத்தமென்று அறிக்கை வரும். பூச்சிமருந்துக்கு இதற்கு நேர்மாறு. பிளாஸ்டிக் மருந்தை உறிஞ்சிவிடுமாதலால் கருநிறக் கண்ணாடிப் புட்டி வேண்டும், வெயில் படலாகாது, பனிக்கட்டியில் வைத்தனுப்பவேண்டும். கிருமிகளைப் பார்ப்பதற்குக் கிருமி நீக்கிய புட்டி வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது உத்தமம், எக்காரணத்தாலும் 24 மணி நேரத்தைத் தாண்டலாகாது. கிருமிக்காகத் தரும் புட்டியையும் அமிலமிட்ட புட்டியையும் கிணற்று நீரால் அலசக்கூடாது. மற்றவற்றை அதே நீரால் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு நிரப்பலாம்.

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது இந்தியத் தர நிர்ணயம். ஓர் இலட்சம் லிட்டர் நீரில் ஒரு கிராம் என்று கணக்காகிறது. இவ்வளவு நுட்பமான அளவைத் தேடும்போது, வீட்டுப் பித்தளைச் செம்பில் மொண்டு ஊற்றினால் செம்பிலிருக்கும் ஈயமும் துத்தநாகமும் நீரிற் சேர்ந்துகொள்ளும். துருப்பிடித்த வாளியும் அப்படியே. கைப்பம்பாயின் குழாயில் தேங்கிய நீர் போகும்வரை சில நிமிஷங்கள் அடித்துவிட்டுப் பிறகு பிடிக்கவேண்டும். திறந்த கிணறானால், சுத்தமான புட்டியில் கல்லைக் கட்டிக் கயிற்றால் இறக்கி, சுவரில் படாமல், மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிரப்பவேண்டும்.

ஒரு சங்கத்தில் மண்ணெண்ணெய் இருந்த புட்டியைச் சாம்பலிட்டுத் துலக்கி அதில் கிணற்று நீரை அனுப்பியிருந்தார்கள். நீரில் எண்ணெய்ப் பொருள் இருப்பதாக அறிக்கை வந்ததும், பக்கத்து மோட்டார்ப் பட்டறைக்காரர்மீது வழக்குத் தொடுக்கப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமும் நிறைவேறிவிட்டது. தக்க புட்டியில் மறுபடி எடுத்தனுப்பியதில் ஒன்றும் காணப்படவில்லை. தீர்மானம் ரத்தாயிற்று, பட்டறைக்காரருக்கும் பஞ்சாயத்தாருக்கும் உண்டான மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. வெற்று மாதிரி என்று ஒன்று அனுப்பியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. சாலையிலிருந்து காய்ச்சி வடித்த நீரை வாங்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், அதே மாதிரியான வேறொரு புட்டியில் ஊற்றி மூடி, மற்றவற்றுடன் சேர்த்தனுப்புவதே வெற்று மாதிரி. அதில் ஏதேனும் நஞ்சு காணப்பட்டால், அது கிணற்றினுடையதன்று, புட்டியினுடையதோ கையினுடையதோ ஆகும்.

வெற்று மாதிரியைப்போலவே ஒப்பு மாதிரியும் அவசியம். கொடைக்கானலில் இருந்த வெப்பமானி ஆலை பாதரசக் கேட்டினால் 2001-ல் மூடப்பட்டது. அங்கே ஆராய்ந்த விஞ்ஞானிகள் கொடை ஏரியை மட்டும் சோதித்து நிற்கவில்லை; பேரிஜம், கூக்கால் ஏரிகளையும் சோதித்து, மூன்றையும் ஒப்பிட்டு 2006-ல் வெளியிட்டார்கள். ஒப்பிட்டபடியால்தான் எது மலையின் இயற்கை, எது ஆலையால் வந்தது என்று பேச இடமுண்டாயிற்று. நாமும் சுசீந்திரத்துக்குக் கீழே பழையாற்று நீரைச் சந்தேகித்தால், பூதப்பாண்டிப் பக்கத்து மேலாற்று நீரிலும் அதே நாளில் ஒரு மாதிரி எடுக்கவேண்டும். பாதரசம் சூட்டில் ஆவியாகும் பொருளாதலால், அதற்கென எடுத்த மண்ணை அடுப்பிலோ வெயிலிலோ காயவைக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

வயல் மண் எடுக்கும் முறை பெரும்பாலோருக்குத் தெரிந்ததே. கன்னிப்பூவோ கும்பப்பூவோ அறுவடையானபின், உரமிடுமுன், வரப்போரமும் எருக்குவியலிருந்த இடமும் மரநிழலும் நீக்கி, பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்தைப்போல் வெட்டி, ஓரத்தைச் சீவி எடுத்து, கூறு போட்டு அரைக் கிலோவாக்கவேண்டும். உலோகக் கலப்பைத் தேடுவதானால் மண்வெட்டி பட்ட பாகத்தை மரச்சட்டத்தால் வழித்தெறிந்துவிட்டு உள்மண்ணை எடுக்கவேண்டும். சந்தேகமுள்ளவர்கள் திருப்பதிசாரம் விவசாய ஆராய்ச்சி நிலையத்தாரைக் கேட்டுக்கொள்க.

காய்கறிகளையும் வாழைப்பழத்தையும் பூச்சிமருந்துக்காக அனுப்பும்போது கழுவாமல், தோலுரிக்காமல், முழுசாகவே அனுப்பவேண்டும். கழுவி அனுப்பினால் கழுவிய காயின் அறிக்கையே வரும். பத்துக் காய்க்குக் குறையாமலும் ஒரு கிலோவுக்குக் குறையாமலும் இருக்கவேண்டும். செய்தித்தாளிற் சுற்றலாகாது.

மீன் விஷயம் நம் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கரையோரத்தாருக்கு மிக முக்கியம். 2018 ஜூன் மாதத்தில் கேரள உணவுப் பாதுகாப்பு இலாகாவினர் 'சாகர் ராணி' என்ற பெயரால் மீன் வண்டிகளைச் சோதித்து, நம் எல்லைக்கு அப்பாலுள்ள அமரவிளைச் சாவடியிலும் பார்மலின் கலந்த மீனைப் பிடித்தார்கள். அன்றிலிருந்து எந்த மீனையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதாயிற்று. கலப்படம் செய்யாதவனின் சரக்கும் விலை போகவில்லை. தும்பிலி போன்ற சில மீன்களில், செத்தபிறகு தாமாகவே இதே இரசாயனம் சிறிது உண்டாகி நாளாக நாளாகக் கூடும். ஆகவே மீனின் பெயர், பிடித்த நேரம், பனிக்கட்டியிட்ட நேரம் இவையில்லாமல் அனுப்பிய மாதிரி குற்றமற்றவனையும் குற்றவாளியாக்கக்கூடும். உடனே பனிக்கட்டியில் வைத்து, உருகிய நீர் மீனில் படாதபடி தனி உறையிலிட்டு அனுப்புக. பாதரசத்துக்கானால் மீனின் நீளத்தையும் எடையையும் குறிக்கவேண்டும். பெரிய மீன் சிறியவற்றைத் தின்று நஞ்சைச் சேர்த்து வைத்துக்கொள்கிறதாதலால், நெத்திலியையும் சுறாவையும் ஒரே கணக்கிற் பார்ப்பது பொருந்தாது.

பாலுக்குள்ள விதி இதனோடு சேர்த்துப் படித்தால் சிலருக்கு வியப்பாக இருக்கும். மீனில் இருக்கக்கூடாத பார்மலினை, இரசாயனப் பரிசோதனைக்குப் போகும் பால் மாதிரியில் அதிகாரியே 25 மில்லிலிட்டருக்கு இரண்டு துளி வீதம் சேர்ப்பார். பால் கெடாமல் சாலை போய்ச் சேருவதற்காக. சேர்த்த விவரம் சீட்டில் எழுதப்பட்டிருக்கவேண்டும். கிருமிகளைப் பார்க்க அனுப்பும் பாலில் அதைச் சேர்க்கவே கூடாது. எடுக்குமுன் பாலைப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றிக் கலக்கத் தவறினால், ஆடை மேலே நிற்க, அடிப்பாலுக்கு உரிய அறிக்கை வந்து சேரும்.

எந்த மாதிரியானாலும் சீட்டு எழுதாத புட்டி வெறும் புட்டிதான். எடுத்த இடம், நாள், மணி, ஆழம், அன்றைய மழை, எடுத்தவர் கையொப்பம், தேடவேண்டிய பொருள் ஆகியவற்றை நீரில் அழியாத மையால் எழுதி வெளியே ஒட்டவேண்டும். அதே விவரம் சங்கத்தின் புஸ்தகத்திலும் பதியவேண்டும். புட்டி யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதற்குக் கைமாறுந்தோறும் கையொப்பம் வாங்கவேண்டும். மாதிரியை மூன்று சம பாகமாக்கி, ஒன்றை அனுப்பி, மற்றவற்றை அரக்கு முத்திரையிட்டுச் சங்கத்திலேயே பத்திரப்படுத்துக. கெடக்கூடியவை குளிரில் இருக்கவேண்டும்.

இவையெல்லாம் நம் சங்கத்தின் சொந்தத் தெளிவுக்காகச் செய்பவை. கோர்ட்டில் செல்லத்தக்க உணவு மாதிரியை 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உணவுப் பாதுகாப்பு அதிகாரியே எடுத்து நான்கு பாகமாக்கி முத்திரையிடுவார். ஆயினும் அதே சட்டத்தின் 40-வது பிரிவு, சாதாரணமாகப் பொருள் வாங்கியவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்து அறிக்கை பெற இடமளிக்கிறது. சோதிக்கப்போவதாக வாங்கும்போதே விற்பவருக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. பண்டம் சட்டத்துக்கு விரோதமானதென்று கண்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தென் ஜில்லாக்களுக்குச் சமீபமான உணவுப் பகுப்பாய்வுச் சாலை பாளையங்கோட்டையில் இருக்கிறது. குடிநீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தாரை அணுகலாம். எங்கே அனுப்புவதாயினும், முன்னதாகவே சாலையாருக்கு எழுதி, அவர்கள் தரும் புட்டியையும் குறிப்பையும் பெற்றுக்கொண்ட பின்பே மாதிரி எடுக்கப் புறப்படவேண்டும். சனிக்கிழமை பிற்பகலில் மாதிரி எடுத்து, ஞாயிறு முழுவதும் பஸ் ஆபீசில் கிடக்கவிடலாகாது.

அறிக்கை வந்ததும் 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்துவிடக்கூடாது. அக்கருவி எந்த அளவுக்குக் கீழே காணமாட்டாது என்பதை அதற்குப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். அவ்வளவு, விதித்த வரம்பைவிடக் குறைவாயிருந்தால் அறிக்கை உபயோகமானது. வரம்பைவிட அதிகமாயிருந்தால், நுட்பமான கருவியுள்ள வேறு சாலைக்கு, முத்திரையிட்டு வைத்திருக்கும் இரண்டாம் பாகத்தை அனுப்பவேண்டும்.